கேமராவுக்கு ஏற்ற கழுத்து

நடராஜா கிராணி கேமரா வாங்கிய மூன்றாம் நாளே அதன் எடை எங்கள் தாமான் குடியிருப்பு முழுவதற்கும் தெரிந்துவிட்டது. பெரிய லென்ஸோடு சேர்த்து இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அவர் மனைவி தேவகி அக்கா முறுக்குக்கு மாவு நிறுக்கிற தராசில் வைத்துப் பார்த்தாராம். எதிர் வீட்டில் இருந்துகொண்டு இதுகூடத் தெரியாவிட்டால் எனக்கு ஜன்னல் எதற்கு?

பீடோங்குக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் நாற்பது வருஷம் கிராணியாக, கணக்கு எழுதுகிறவராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஆபீஸ் மேசை, அதன்மேல் ஒரு விசிறி, கையில் பேனா. அந்தப் பேனாவைவிடக் கனமான பொருளை அவர் தூக்கிப் பார்த்தவர் கிடையாது. தேவகி அக்கா அதே தோட்டத்துப் பால் மரத்துக்காரர் மகள். பதினாலு வயதிலேயே காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் பால் வாளியைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்தவர். கிராணி போய் பால் வெட்டுக்காரன் மகளைக் கட்டினாரே என்று தோட்டம் அப்போது ஒரு வருஷம் பேசியது. கிராணி முப்பத்தைந்து வருஷமாகப் பேசுகிறார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்காவுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். எங்கள் தாமானில் மூலை வீட்டுக் காஞ்சனா ஒவ்வொரு சனிக்கிழமையும் எட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு குருண் பக்கம் ஜெராய் மலை ஏறப் போவாள். அதில் அக்காவும் சேர்ந்தார். முதல் மாதம் வளைவுக்கு வளைவு உட்கார்ந்தார். ஆறாவது மாதம் நாங்கள் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே மூச்சு வாங்கினோம். வீட்டில் "என்னங்க, தண்ணி வேணுமா?" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராத மனுஷி, மலையில் வேறு ஆள். கிராணி ஆள் கணக்கு எடுக்கும்போது மூக்கை உறிஞ்சுவது, சீனித் தேநீரை ஒளித்துக் குடிப்பது என்று நடித்துக் காட்டுவார். நாங்கள் வேரைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம்.

ஒரு தடவை பாறையில் உட்கார்ந்து வாழைப்பழம் உரித்தபடி என்னிடம் சொன்னார். "வாரத்துல இந்த நாலு மணி நேரந்தான் தங்கச்சி எனக்கு. மத்ததெல்லாம் அவருக்கு."

அப்புறம் கிராணி ஓய்வு பெற்றார், கேமரா வாங்கினார், மலைக்கு வந்தார். அந்த நாலு மணி நேரமும் போனது.

எங்களுக்குச் சந்தோஷம்தான், மறைப்பானேன். அதுவரை எங்கள் படங்களில் பாதி முகமும் ஒரு கட்டை விரலும்தான் இருக்கும். கிராணி எடுத்த படத்தில் பின்னால் மேகம் இருந்தது, எனக்கு ஒரே ஒரு தாடை இருந்தது. காஞ்சனா அதை வாட்ஸ்அப் முகப்பில் வைத்தாள், பத்து வயது குறைந்துவிட்டதாம். நானும் வைத்தேன்.

பிரச்சினை வார்தான். கேமராவோடு கம்பெனிக்காரன் கொடுத்த மெல்லிய கழுத்து வார் முதல் ஏற்றத்திலேயே கிராணியை வெட்டியது. இரண்டாவது வளைவில் கழற்றி, அக்கா கழுத்தில் மாட்டினார்.

"எனக்கு இங்க சுண்டுது தேவகி. நீ பால் வாளி தூக்குன ஒடம்பு. ஒனக்கெல்லாம் இது ஒரு பாரமா?"

அக்கா தூக்கினார். அடுத்த வாரமும் தூக்கினார். கிராணி இணையத்தில் நாலு விதமான வார்களைப் பற்றிப் படித்து, தாமான் ஆண்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னார். கழுத்து வார் மலைக்கு ஆகாது, குனிந்தால் கேமரா பாறையில் மோதும். கைமணிக்கட்டு வார் கயிறு பிடித்து ஏறும் இடத்தில் ஒரு கையைக் கட்டிப்போடும். ஆராய்ச்சிக்காக அக்காவின் தோளில் பையை மாட்டி, உள்ளே இரண்டு கிலோ அரிசிப் பாக்கெட் போட்டு, தாமான் சாலையில் மேலும் கீழும் நடக்கவிட்டார். "வேகமா நட. இப்ப குனி. ஓடு பாப்பம்." மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போன, எங்கள் மலைக் கூட்டத்துக் குணாளன் நிறுத்தியே பார்த்தான்.

"என்னாக்கா, பேஷன் ஷோவா?"

"அரிசி ஊர்வலம் தம்பி," என்றார் அக்கா. கிராணி காதில் விழாத மாதிரிதான் சொன்னார்.

கடைசியில் சுங்கைப் பட்டாணியில் கவுஸ் பாயின் கேமராக் கடைக்குப் போவதென்று முடிவானது. என் கைப்பேசிக்கு உறை வாங்க வேண்டும் என்று சொல்லி அவர்கள் காடியில் பின் இருக்கையில் நானும் ஏறிக்கொண்டேன். உறை நன்றாகத்தான் இருந்தது.

கவுஸ் பாய் நேர்மையான மனிதர், வியாபாரத்துக்கு அது அவ்வளவாக ஒத்துவரவில்லை. இரண்டு வார்களை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் போட்டார். ஒன்று அகலமானது, உள்ளே மெத்தை வைத்து, இரண்டு தோளிலும் சட்டை மாதிரி மாட்டுவது. இன்னொன்று விரல் அகல நாடா, ஒரு தோளிலிருந்து குறுக்காகப் போட்டால் கேமரா இடுப்பில் தொங்கும்.

"இந்த நாடா நூறு கிலோ தாங்கும்ணே, அறுந்து போகாது. ஆனா மலைக்கு ரெண்டு தோள் வார்தான் நல்லது. பாரம் பிரியும். அவசரம்னா பட்டுனு கழட்ட கொக்கி இருக்கு. நாடாவுல கொக்கி கெடையாது. எங்கனாச்சும் மாட்டுனா மாட்டுனதுதான்."

"கொக்கி இருந்தா தானா அவுந்துக்கும். கேமரா போயிரும்லா," என்றார் கிராணி.

"தானா அவுறாதுண்ணே, ரெண்டு பக்கமும் அமுக்கணும். மொதல்ல யாரு தூக்குறது? நீங்களா?"

"இவதான்."

"அப்ப அக்காகிட்ட கேளுங்க."

அந்தக் கடையில் அந்த நிமிஷத்தில் யாரும் எதிர்பார்க்காத யோசனை அது. அக்காவே திடுக்கிட்டுப் போனார். பிறகு அகல வாரை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார். "இது மெத்துனு இருக்கு. டாக்டர் எனக்குக் கழுத்து எலும்பு தேஞ்சிருக்குன்னு சொன்னாரு தம்பி."

"அம்பத்தெட்டு வயசுக்குத் தேயாம வளருமா?" கிராணி நாடாவை எடுத்துக்கொண்டார். "அத மாட்டுனா பறவைய பாத்ததும் எடுக்க முடியாது பாய், அவ நெஞ்சோட ஒட்டிக்கும். இதுன்னா அவ பக்கத்துல நின்னு ஒரே இழுப்பு, என் கைக்கு வந்துரும்."

கவுஸ் பாய் என்னைப் பார்த்தார். நான் உறைகளைப் பார்த்தேன்.

அந்த நாடா வந்த மூன்றாவது சனிக்கிழமை, ராத்திரி பெய்த மழையில் பாதை சேறாகிக் கிடந்தது. பாதி மலையில் கயிறு பிடித்துத்தான் ஏற வேண்டிய ஒரு இடம் உண்டு, ஒரு பக்கம் சரிவு. முன்னால் குணாளன், அடுத்து அக்கா, பின்னால் காஞ்சனா, நான், எங்களுக்குப் பின் கைவீசிக்கொண்டு கிராணி. அக்காவின் கால் வேரில் வழுக்கியது. கயிறு கையிலிருந்து போனது. சரிவில் ஒரு ஆள் உயரம் சறுக்கினார். நாடா ஒரு வெட்டுண்ட மரக்கட்டையில் மாட்டி, தோளை விட்டு ஏறிக் கழுத்தை இறுக்கிக்கொண்டது. கட்டைக்கு அந்தப் பக்கம் கேமரா ஆடியது, இந்தப் பக்கம் அக்கா. அறுந்து போகாது என்று கவுஸ் பாய் சொன்னது பொய்யில்லை.

குணாளன் படுத்தபடி கையை நீட்டினான். அவனிடம் பழம் வெட்டுகிற கத்தி இருந்தது.

"வெட்டாத!" என்று கத்தினார் கிராணி. "வெட்டாதடா, கேமரா கீழ போயிரும்! இரு, இரு, நான் வர்றன்!"

குணாளன் கத்தியை வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தான். அவன் பிறந்ததும் அதே தோட்டம்தான். கிராணி இரு என்றால் அவன் அப்பா இருப்பார், அவன் தாத்தாவும் இருந்தார். அக்காவுக்கு ஒரு கையில் புல் கிடைத்திருந்தது, இன்னொரு கை நாடாவுக்கும் தொண்டைக்கும் நடுவில் விரலை நுழைக்கப் பார்த்தது. சத்தம் வரவில்லை. வாய் மட்டும் திறந்து மூடியது. அறுபது வயது மனிதர் எங்களைத் தாண்டி அவ்வளவு வேகமாக ஏறுவார் என்று நான் நினைத்ததில்லை. வயிற்றால் ஊர்ந்து போய், கேமராவை இரண்டு கையாலும் எட்டிப் பிடித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"ஆங். இப்ப வெட்டு."

குணாளன் நாடாவை அறுத்தான். காஞ்சனாவும் நானும் கீழிருந்து அக்காவின் காலைத் தாங்கி மேலே தள்ளினோம். அவர் புல்லில் கவிழ்ந்து இருமிக்கொண்டிருந்தபோது கிராணி லென்ஸில் ஊதித் துணியால் துடைத்தார். "ஒண்ணும் ஆவல, கடவுள் புண்ணியம்," என்றார். யாரைச் சொல்கிறார் என்று நாங்கள் கேட்கவில்லை.

அங்கிருந்தே திரும்பியிருக்கலாம். வந்தது வந்தாகிவிட்டது, உச்சி பக்கம்தானே என்று யாரோ சொன்னார்கள். நானாகவும் இருக்கலாம். உச்சியில் எல்லாரும் வரிசையாக நின்றோம். அக்கா ஓரத்தில், கழுத்தில் துண்டு சுற்றியபடி.

"அந்தத் துண்ட எடு. படத்துல அசிங்கமா இருக்கு."

எடுத்தார். காதடியிலிருந்து தொண்டை வரை செக்கச் சிவந்த கோடு, நடுவில் தோல் உரிந்து. கிராணி கேமரா வழியாக ஒரு நிமிஷம் பார்த்தார்.

"வேணாம், போட்டுக்க."

ஐந்து நாள் அக்காவுக்குக் குரல் இல்லை. ஆறாவது நாள் வந்த குரல் வேறாக இருந்தது, சாலையைத் தாண்டி என் ஜன்னல் வரைக்கும் கேட்டது. "நடக்க வருவன். தூக்க மாட்டன்."

கிராணி அந்த வாரம் எங்களை ரொட்டி சானாய் கடைக்கு அழைத்து நியாயம் கேட்டார். "தூக்க வேற ஆள் பாக்கலாம், அது சரி. ஆனா ஊர் பொம்பளைங்க என் சாமான தூக்க, நான் கட்டுனவ கைய வீசிக்கிட்டு முன்னால நடப்பாளா? எனக்கு மானம் இல்லியா? அவ வந்தா நான் வரல. நீங்களே முடிவு பண்ணுங்க."

அடுத்த மாதம் காஞ்சனாவுக்கு ஐம்பதாவது பிறந்த நாள். உச்சியில் கேக் வெட்டுவதென்று பேச்சு. எல்லாருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் டீசட்டை, காஞ்சனா முகம் போட்டு, அச்சுக்குக் கொடுத்தாகிவிட்டது. குணாளன் மட்டும் ரொட்டியைப் பிய்த்தபடி சொன்னான், "அக்கா நம்மளோட ரெண்டு வருஷமா வர்றாங்க. அண்ணன் வந்து மூணு மாசம்."

யாரும் அவனைப் பார்க்கவில்லை. காஞ்சனா குழம்பைக் கலக்கினாள். "அக்காவுக்குக் கழுத்து சரியாவட்டும்லா. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கட்டும். அவங்க நல்லதுக்குத்தான் சொல்றன்."

நல்லதுக்குத்தான் என்று எல்லாரும் தலையாட்டினோம். கேமராவை முதலில் நான் தூக்குகிறேன் என்று சொன்னவள் நான்தான், ஒளிப்பானேன். கிராணி மறுநாளே சுங்கைப் பட்டாணிக்குப் போய் அந்த இரண்டு தோள் வாரை வாங்கி வந்தார். அடுத்தவன் வீட்டுப் பெண் தோளில் கண்டதைத் தொங்கவிட முடியுமா? போட்டுப் பார்த்தேன். மெத்தையாக, சட்டை மாதிரி, பாரமே தெரியவில்லை.

சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் என் காடியைச் சாலையில் நிறுத்தினேன். முன் இருக்கையில் கிராணி, பின்னால் ஒரு ஓரத்தில் காஞ்சனா, மறு ஓரத்தில் குணாளன். கிளம்பும்போது எதிர் வீட்டுக் கதவு திறந்தது. காலில் மலைக்குப் போடுகிற சப்பாத்தோடு தேவகி அக்கா நேராக என் பக்கம் வந்து கண்ணாடியைத் தட்டினார். இறக்கினேன்.

"தங்கச்சி, அடிவாரத்துல எறக்கி விட்டா போதும். நான் ஒங்களோட வரல. தனியா ஏறிக்கிறன்."

கிராணி நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாலையில் ஒரு நாய்கூட இல்லை.

"எடம் இல்லியேக்கா," என்றேன்.

அக்கா குனிந்து பின் இருக்கையைப் பார்த்தார். காஞ்சனாவுக்கும் குணாளனுக்கும் நடுவில் கேமராப் பை, இருக்கை பெல்ட் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. குணாளன் அதை மடியில் எடுத்துக்கொள்ளப் போனான். காஞ்சனா அவன் கையைப் பிடித்தாள். "டேய், லென்ஸ் இருக்கு."

அக்கா கோபப்படவில்லை. தன் கழுத்தைத் தடவிக்கொண்டு, தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரிதான் கேட்டார்.

"அதுக்கு பெல்ட் போட்டு விட்டது யாரு?"

நான் கண்ணாடியை ஏற்றிக் காடியைக் கிளப்பினேன்.

போட்டு விட்டது நான்.