மூடுபனியில் போன படகு

அமெரிக்கத் துறைமுகமான நியூ பெட்ஃபோர்டில் கப்பல் பாய் தைக்கும் கடையின் மாடியில் ஓவியர் பெலெக்கின் அறை. கெசயா படியேறிப் போனபோது, வடகடலில் திமிங்கல வேட்டையாடித் திரும்பிய மூன்று கப்பல்களும் படத்தில் பாய் விரித்து நின்றன. கப்பல் முதலாளி தன் வீட்டுக் கூடத்துக்குக் கேட்ட படம். கயிறு, கொடி எல்லாம் சரியா என்று பார்த்துச் சொல்ல, அவற்றில் ஒன்றில் போய் வந்த மாலுமி ஓபெட் வந்திருந்தான். அவளைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினான்.

"ஓபெட், எங்க வீட்டுக்காரரு படகு எந்தப் பக்கம் போச்சுன்னு காட்டு."

அவன் தயங்கி, வலது ஓரத்தைத் தொட்டான். "இந்தப் பக்கம்தாங்க்கா. திமிங்கலத்தைத் துரத்திட்டு ஆறு பேரு போனாங்க. மூடுபனி கவிஞ்சிடுச்சி. ரெண்டு நாளு மணியடிச்சோம், பீரங்கி வெடிச்சோம். பனிக்கட்டி நெருக்கிட்டு வந்துச்சி. கேப்டன் பாயை விரிச்சுக் கெளம்பச் சொல்லிட்டாரு."

"நீ ஒண்ணும் சொல்லலியா?"

"இன்னும் ஒரு நாள்னு கெஞ்சினேன். 'மிச்ச முப்பது உசுருக்கு நீ பொறுப்பா?'ன்னாரு."

கேப்டன் சொன்னதில் தப்பில்லை என்று அவளுக்கும் பட்டது. அதைத்தான் தாங்க முடியவில்லை. யாரைத் திட்டுவது?

"ஐயா, அந்த எடத்துல ஒரு படகு போடுங்க," என்றாள் பெலெக்கிடம்.

அவர் மறு பேச்சில்லாமல் போட்டார். நகத்தளவுப் படகு. ஆறு புள்ளிகள்.

"இதுல அவரு எது?"

"ஈட்டி எறியறவருதானே? முன்னால இருக்காரு பாரு."

மறுநாள் வந்தபோது அந்த இடத்தில் வெள்ளைப் பனிக்கட்டி இருந்தது. பெலெக் நிமிரவில்லை. "முதலாளி பார்த்துட்டாரும்மா. விருந்துக்கு வர்றவங்க கேட்டா என்ன சொல்றதுன்னு கத்தினாரு. என்னால மறுக்க முடியல."

கெசயா மேலாடை நுனியால் அந்த வெள்ளையைத் துடைத்தாள். அடிச்சாயமும் காய்ந்திருக்கவில்லை. படகும் சேர்ந்து துணியோடு வந்துவிட்டது. பெலெக் அவளைத் தடுக்கவில்லை. அவள் விலகியதும், வெறுமையாகிப் போன இடத்தில் மறுபடியும் பனிக்கட்டியைத் தீட்டினார்.

வாசலில் ஓபெட் எதிர்ப்பட்டான். "திங்கக்கெழமை கெளம்பறோங்க்கா. அதே கடலுக்குத்தான். தேடிப் பாக்குறேன்."

அந்தக் கடலின் குளிர்காலத்தில் திறந்த படகில் யாரும் பிழைத்திருக்க முடியாதென்று இருவருக்கும் தெரியும். "பாரு," என்றாள் கெசயா.