மைதிலி திரும்பிப் போன வாரம்

‘காலில் விழுந்து கதறிய மைதிலியைக் கேசவன் பெருந்தன்மையோடு மன்னித்தான்’ என்ற வரிக்கு வந்ததும் கமலாத்தாள் படிப்பதை நிறுத்தினாள். சுற்றி உட்கார்ந்து விதைக் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் தலை தூக்கிப் பார்த்தார்கள். தொண்டை கட்டிக்கொண்டதோ என்று பூமாரி தண்ணீர்ச் சொம்பை நகர்த்தி வைத்தாள். கமலாத்தாள் அந்த வரியைத் தனக்குள் இன்னொரு தடவை படித்துப் பார்த்தாள். மன்னித்தானாம். யார் யாரை மன்னிப்பது? விருந்தாளிகள் முன்னால் கை நீட்டியவன் அவன். கன்னம் வீங்க நின்றவள் இவள். இதில் பெருந்தன்மை எங்கிருந்து வந்து குதித்தது?

வெள்ளிக்கிழமைதோறும் பொள்ளாச்சி பஸ்ஸில் மைதிலியின் தொடர்கதை வருகிற வாரப் பத்திரிகை கொழிஞ்சாம்பாறைக்கு வந்துவிடும். ஊரைக் கேரளத்தோடு சேர்த்த பிறகும் பஸ்ஸும் நிற்கவில்லை, பத்திரிகையும் நிற்கவில்லை. கதை கேட்டால் உரிக்கிறவர்கள் கை வேகமாக ஓடுகிறது என்று அண்ணன் நாச்சிமுத்து கண்டுகொள்ளாமல் இருந்தான். அப்படித்தான் வெளியே சொல்லிக்கொண்டான். ஆனால் வெள்ளிக்கிழமை அவள் படிக்கிற நேரம் பார்த்துத்தான் அவனுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கயிறு திரிக்கிற வேலை வரும். ஒரு வாரம் பஸ் வராதபோது வேலந்தாவளம் வரை சைக்கிள் மிதித்துப் போய்ப் பத்திரிகை வாங்கி வந்துவிட்டு, மாட்டுக்குப் புண்ணாக்கு பார்க்கப் போனேன் என்றவன் அவன். கதை முடிந்ததும் வாராவாரம் கிழித்துச் சேர்த்த தாள்களைப் புத்தகமாகத் தைக்க வேண்டும், தாள் நகராமல் நான் அழுத்திப் பிடித்துக்கொள்கிறேன் என்றும் சொல்லியிருந்தான்.

மைதிலியின் போக்கு இரண்டு மூன்று வாரமாகவே கமலாத்தாளுக்குப் பிடிக்கவில்லை. முதலில் பெட்டிக்கு அடியிலிருந்து புருஷன் படத்தை எடுத்துப் பார்த்தாள். சரி, மனசு என்று ஒன்று இருக்கிறதே என்று கமலாத்தாள் விட்டுவிட்டாள். அடுத்த வாரம் அவனுக்குக் காய்ச்சல் என்று யாரோ சொல்ல, இவள் சாப்பாட்டை நிறுத்தினாள். இத்தனை மாதம் வராத காய்ச்சல் கதை முடியப்போகிற சமயத்திலா வரும்! பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்துத் தனக்கென்று அறை பிடித்து, தன் கையால் பூட்டு வாங்கிப் போட்டவள், கடைசியில் அந்தப் பூட்டையும் சாவியையும் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு ஓடுகிறாள். எழுதியவர் பேர் பெண்பிள்ளை பேராக இருந்தது. கமலாத்தாளுக்கு இப்போது அதில் துளியும் நம்பிக்கை இல்லை. நிச்சயம் எவனோ மீசைக்காரன் வேலை.

"நல்லதுதானுங்க அம்மிணி," என்றாள் பூமாரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எப்படியோ புருசனும் பொண்டாட்டியும் ஒண்ணு சேந்துட்டாங்கல்லங்க."

"என்னத்த நல்லது? தெரியாம அடிச்சுப்போட்டேன்னு ஒருக்காவாச்சும் அவன் வாயில வந்துச்சா? நாந்தான படிச்சேன், எங்கியாச்சும் இருந்துச்சா?"

"ஆம்பளைங்க அம்மிணி. அப்படியெல்லாம் சொல்லுவாங்களா?"

கமலாத்தாள் பத்திரிகையைக் கடலைக் குவியல் மேல் விசிறினாள். அவளுடைய இடது தோளுக்குக் கீழே ஒரு தழும்பு இருந்தது. காட்டுக்குச் சோறு கொண்டுபோகத் தாமதமானதற்காக மாடு ஓட்டுகிற தார்க்குச்சியால் புருஷன் சென்னியப்பன் போட்டது. அன்றைக்கு வீட்டை விட்டு நடந்தவள்தான், அண்ணன் வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. சொந்தக்காரர்கள் எத்தனையோ பேர் கேட்டும் நாச்சிமுத்து, "இருக்கட்டும், பாக்கலாம்" என்பதற்கு மேல் பேசியதில்லை. அந்தத் தைரியம் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று கமலாத்தாளுக்குத் தெரியும். மைதிலி புருஷன் வீட்டுக்கு வெளியே இருக்கிற வரைக்கும் தானும் இருக்கலாம் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

சுவருக்கு அப்பால் கயிறு திரிக்கிற சத்தம் நின்றது.

"அந்தப் புள்ளையே போயிருச்சா?" என்றான் நாச்சிமுத்து. யாரிடமும் கேட்காதவன் மாதிரிதான் கேட்டான்.

மறுநாள் அதே பெண்கள் அதே குவியலைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது, சென்னியப்பனின் அக்காள், கமலாத்தாளுக்கு நங்கையா முறையான பழனாத்தாள் பஸ் இறங்கி வந்தாள். ஒரு வருஷமாக எட்டிப் பார்க்காதவள். பையிலிருந்து வாழைப்பழத்தையும் வெல்ல ஒப்புட்டையும் எடுத்து வைத்தாள். உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"எங்கூட்டுலயும் நேத்து மருமக படிச்சா அம்மிணி. கேட்டுப்போட்டு எனக்குக் கண்ணுல தண்ணி நிக்குல. உன்ற நெனப்பாவே இருந்துச்சு. இதுதான் நல்ல சமயம்னு பொறப்பட்டு வந்துட்டேன். தம்பி ஒண்ணும் மனசுல வெச்சுக்க மாட்டான். நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு, மன்னிச்சுருவான்."

"எதுக்குங்க நங்கையா மன்னிக்கோணும்? அடி வாங்குனதுக்குங்களா?"

"ஊட்ட உட்டுப்போட்டு வாறது சின்னத் தப்பா? அத்தனை படிச்ச மைதிலிக்கே புத்தி வந்துருச்சு." பழனாத்தாள், திண்ணையில் கயிறு திரித்துக்கொண்டிருந்த நாச்சிமுத்துவின் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க."

நாச்சிமுத்து கையிலிருந்த நாரைப் பார்த்தான். அவன் மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். அவள் இருந்தால் அவன் வாயை அவளாவது திறக்க வைத்திருப்பாள். "அம்மிணி எப்படிச் சொல்லுதோ..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டுவிட்டான்.

முடிக்காத அந்தப் பேச்சுதான் கமலாத்தாளை எழுப்பியது. உள்ளே போய், அரிசிக் கூடைக்கு அடியில் சேர்த்து வைத்திருந்த தாள்களை எடுத்து வந்தாள். நேற்றைய பத்திரிகையிலிருந்து கடைசி அத்தியாயத்தைக் கிழித்தாள். காய்ச்சல் வந்த வாரத்தையும் படம் பார்த்த வாரத்தையும் அந்தத் தாள்களிலிருந்து உருவினாள். ஒவ்வொன்றையும் கூம்பாகச் சுற்றிக் உரித்த கடலையைக் கொட்டி மடித்தாள். ஒறம்பரையாக வீடு தேடி வந்தவளின் பையை வெறுமையாக அனுப்பக் கூடாது. பழனாத்தாளின் பையில் பொட்டலங்களைத் தானே வைத்தாள்.

"மைதிலிதானுங்க உங்களுக்கு வேணும்? இதுக்குள்ளதான் இருக்கறா. கூட்டிட்டுப் போங்க. உங்க தம்பி மன்னிக்கறதுன்னா அவளையே மன்னிச்சுக்கட்டும்."

பூமாரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பழனாத்தாளுக்கு முகம் சிவந்தது. "அண்ணனும் தங்கச்சியும் சேந்து கெட்டுப் போங்க" என்று சபித்துவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாள். ஒப்புட்டை மறக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டாள். கடலைப் பொட்டலங்களையும் கீழே வைக்கவில்லை.

கமலாத்தாள் மிச்சத் தாள்களைத் தட்டி நேராக்கித் தரையில் வைத்தாள். கோணி ஊசியில் சணல் கோத்தாள். அண்ணனைக் கூப்பிடவில்லை. இப்போது மேலே இருந்த தாளில், மைதிலி தன் அறைக் கதவைப் பூட்டிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகுகிற படம் இருந்தது. ஊசியைக் குத்தினாள். தாள்கள் நழுவிப் பிரிந்தன. மறுபடி அடுக்கினாள்.

நாச்சிமுத்து பஸ் போன பாதையையே பார்த்துக்கொண்டு நின்றான். தூசி அடங்குகிற வரை நின்றான். பிறகு வந்து அவளுக்கு எதிரே குந்தி, நார் ஒட்டியிருந்த கையை வேட்டியில் துடைத்து, மைதிலியின் முகம் மறையாமல் தாளின் ஓரமாக வைத்து அழுத்திப் பிடித்தான்.