நோயாளிக் கணக்கில் திறந்த பட்டியல்

எங்கள் அலுவலகத்தில் ஆறு பேர், ஒரே ஒரு கடவுச்சொல். மருத்துவமனைகளுக்கான எங்கள் மென்பொருளின் சோதனைத் தளத்துக்குள் போக எல்லோரும் நிர்வாகியின் கணக்கையே பயன்படுத்துவார்கள். சோதிப்பவளாக வேலைக்குச் சேர்ந்த அன்று கடவுச்சொல்லைக் கேட்பதற்காக, நிரல் எழுதும் புயலின் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். புயல் வேகத்தில் எழுதுவதால் அவருக்கு அந்தப் பெயர். காதில் ஹெட்ஃபோன் மாட்டியிருந்தார். இரண்டு நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பினேன். நானே ஒரு நோயாளியாகப் பதிவு செய்துகொண்டு, அந்தக் கணக்கிலேயே வேலை பார்த்தேன். நான்கு மாதம் ஆகியும் கடவுச்சொல்லைக் கேட்கவில்லை.

நாங்கள் விற்பது ப்ளகின் என்ற ஓர் இணைப்பு மென்பொருள். ஒரு மருத்துவமனையின் வலைத்தளத்தில் அதைச் சேர்த்துவிட்டால், நோயாளிகள் வீட்டிலிருந்தே பதிவு செய்து மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கிக்கொள்ளலாம். யார் வருகிறார்கள், எதற்காக வருகிறார்கள் என்ற அன்றாடப் பட்டியலை வரவேற்பறையில் இருப்பவர் மட்டும் பார்க்கலாம். முப்பத்தொன்பது மருத்துவமனைகள் இதை நம்பி வாங்கியிருந்தன.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு வரவேற்பாளர் அழைத்தார்.

"கம்ப்யூட்டர் கம்பெனியா? என்னை வேலைக்கு வராதேன்னு சொல்லிட்டாங்கம்மா."

மனநல மருத்துவரைப் பார்க்க வந்த ஒரு பெண்ணின் விஷயம் அவளுடைய புகுந்த வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. பட்டியலைப் பார்ப்பவர் இவர் ஒருவர்தான். பழி இவர் தலையில் விழுந்தது.

"பதினோரு வருஷமா அந்த நாற்காலில இருக்கேன். இன்னைக்கு யாரு வந்தாங்கன்னு என் வீட்டுக்காரரே கேப்பாரு. கூட்டம் ஜாஸ்தின்னு சொல்லிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன். வெள்ளிக்கிழமை டாக்டருங்க முடிவு பண்றாங்களாம். உங்க மிஷின்ல ஏதாவது கோளாறு இருக்கான்னு பாத்துச் சொல்லும்மா."

"பாக்கறேன்" என்றேன்.

அந்த மருத்துவமனைத் தளத்தின் பதிவேட்டைத் திறந்தேன். எந்தக் கணக்கு எப்போது எதைக் கேட்டது என்பது அதில் வரிவரியாக இருக்கும். வரவேற்பறை தினமும் திறப்பதைத் தவிர, பட்டியல் இன்னும் மூன்று முறை போயிருந்தது. மூன்று முறையும் ஏதோ ஒரு நோயாளியின் கணக்குக்கு.

நோயாளியின் பக்கத்தில் பட்டியலுக்கான பட்டனே கிடையாது. பதிவேட்டில் இருந்த பட்டியலின் இணைய முகவரியில் வால்பகுதியை எடுத்து, எங்கள் சோதனைத் தளத்தில், என் நோயாளிக் கணக்கில் ஒட்டிப் பார்த்தேன். மொத்தப் பட்டியலும் வந்து நின்றது.

புயலிடம் போனேன். இந்த முறை தோளைத் தட்டினேன்.

"வராதே. பட்டனை மறைச்சு வெச்சிருக்கேனே" என்றார்.

"பட்டன் இல்லாமலே வருதுண்ணா."

தன் கணினியில் திறந்து பார்த்தார். "எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"நீங்க நிர்வாகி கணக்குல இருக்கீங்க. உங்களுக்கு வரத்தான் செய்யும். என் கணக்குல வந்து பாருங்க."

வந்து பார்த்தார். ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நிரலைத் திறந்தார். உள்ளே வந்திருப்பவர் பதிவு செய்தவரா என்று கேட்க ஒரு வரி இருந்தது. பட்டியலைப் பார்க்க அவருக்கு உரிமை உண்டா என்று கேட்க வரியே இல்லை.

"ஆறு வருஷமா நாம ஒருத்தர்கூடச் சாதாரண ஆளா உள்ளே போய்ப் பாக்கலை" என்றார்.

முதலாளியிடம் போய்ச் சொன்னபோது அவருக்கு இது செய்தியாகவே படவில்லை. "அடுத்த வெர்ஷன்ல சத்தமில்லாம சரி பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டு ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். விளக்கம் கேட்டிருந்த மருத்துவமனைக்குப் பதில் கடிதம். மென்பொருளில் குறை ஏதும் இல்லை, கடவுச்சொல்லை ஊழியர் யாராவது பிறரிடம் கொடுத்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. கீழே, சோதித்தவர் என்ற இடத்தில் என் பெயர்.

"கையெழுத்துப் போடு. நீ வாய் திறந்தே நான் பாத்ததில்ல. நல்ல பொண்ணு. இந்த வாரமே உன் வேலையை நிரந்தரமாக்கிடறேன்."

"அந்தம்மாவுக்கு வேலை போயிடும் சார்."

"அவங்க நம்ம ஆளா?"

"இல்ல. தப்பு நம்மளோடது."

தாளை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

வீட்டில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு, "இதை அவர் மூஞ்சிக்கு நேரா சொன்னியா? நீயா?" என்றாள். "சொந்தக்காரங்க வந்தாலே கட்டிலுக்கு அடியில பூந்துக்குவியே!"

"சொல்லிட்டேன்மா."

"அப்ப மிச்சத்தையும் சொல்லிட்டு வா. வேலை போனா போகுது, உனக்கு ஒரு வாய் சோறு போட என்னால முடியாதா? ஊமை மாதிரி கையெழுத்துப் போட்டுட்டு மட்டும் வந்து நிக்காதே."

வெள்ளிக்கிழமை காலை மருத்துவமனையின் தலைமை மருத்துவர் அழைத்தார். முதலாளி ஸ்பீக்கரில் போட்டுக் கடிதத்தைப் படித்தார். நானும் புயலும் எதிரே உட்கார்ந்திருந்தோம்.

"இதைச் சோதிச்சது யாரு?" என்றார் மருத்துவர்.

"நான்தான் டாக்டர். ஆனா அந்தக் கடிதத்துல நான் கையெழுத்துப் போடலை."

முதலாளியின் கை தொலைபேசிக்கு நீண்டது. நான் அதை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"உங்க செல்ஃபோன்ல உங்க தளத்தைத் திறந்து, புதுசா ஒரு நோயாளியா பதிவு பண்ணுங்க. நான் உங்களுக்கு ஒரு முகவரி அனுப்பியிருக்கேன். அதை அங்க ஒட்டிப் பாருங்க."

அந்தப் பக்கம் செல்ஃபோனைத் தட்டும் சத்தம் கேட்டது.

"நாளைக்கு வர்றவங்க பேரெல்லாம் இருக்கு. எதுக்கு வர்றாங்கன்னும் இருக்கு." குரல் மாறியிருந்தது. "இதை யாரெல்லாம் பாக்கலாம்?"

"பதிவு பண்ண எல்லாரும். இப்பவே ப்ளகினை நிறுத்திடுங்க. பட்டியல் ஒரு நோயாளிக் கணக்குக்குத்தான் போயிருக்கு. உங்க வரவேற்பாளர் கணக்குல இருந்து போகலை. பதிவேட்டோட நகலை உங்களுக்கு அனுப்பிட்டேன்."

அவர் வைத்த பிறகு முதலாளி என்னைப் பார்க்காமலே சொன்னார். "இன்னையோட நீ வர வேண்டாம்."

"சரி சார். மத்த முப்பத்தெட்டு இடத்துக்கும் யாரு சொல்றது?"

அவர் எழுந்து தன் அறைக்குப் போனார். என் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, என் சொந்த மின்னஞ்சலில் எழுத ஆரம்பித்தேன். என்ன குறை, எதை நிறுத்த வேண்டும், பதிவேட்டில் எதைத் தேட வேண்டும். ஏழெட்டு வரிகள்தான். கீழே என் பெயர்.

மதியம் அந்த வரவேற்பாளர் மறுபடி அழைத்தார்.

"திங்கக்கிழமை வந்துடு, நடந்ததை மறந்துடுன்னு சொல்றாங்க. மறக்க மாட்டேன்னுட்டேன். நாலு பேர் முன்னாடி நிக்கவெச்சுத் திருடியைக் கேக்கற மாதிரி கேட்டாங்கல்ல? அதே நாலு பேர் முன்னாடி, இவ செய்யலைன்னு சொல்லட்டும். அப்புறம்தான் உக்காருவேன்."

"சொல்றேன்னாங்களா?"

"யோசிக்கறாங்களாம். யோசிக்கட்டும். நான் நின்னுக்கிட்டே இருப்பேன், எனக்குக் கால் நல்லாத்தான் இருக்கு." சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

பதினான்காவது மருத்துவமனைக்கு எழுதிக்கொண்டிருந்தபோது முதலாளி வந்தார்.

"இன்னும் கிளம்பலையா?"

"இன்னும் இருபத்தஞ்சு இருக்கு சார்."

புயல் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். விட்டுப்போன வரியை எழுதி முடித்திருந்தார். "இதையும் சேர்த்து அனுப்பு. கடைசிப் பத்தை என்கிட்ட குடு" என்றார். "கீழே என் பேரையும் போடு. பட்டனை மறைச்சவன் நான்தானே."

முதலாளி எங்கள் தலைக்கு மேலிருந்த விளக்கை அணைத்துவிட்டுப் போனார். நான் எழுந்து ஜன்னல் திரையை விலக்கினேன். நல்ல வெயில். உட்கார்ந்து பதினான்காவதை அனுப்பிவிட்டுப் பதினைந்தாவதை ஆரம்பித்தேன்.