லோடு எழுபத்தொன்று

மாமா சுவரில் டிவி மாட்டிய அதே திங்கட்கிழமைதான் நான் கூட்டிவந்த போட்டோகிராபர் பெண்ணின் இணையதளமும் எங்கள் சர்வருக்கு வந்தது. அதுதான் அவளுக்கு வினையாகிவிட்டது.

மாமா என்றால் அக்காவின் கணவர். இருநூற்று நாற்பது பேருடைய இணையதளங்களை ஒரே சர்வரில் வைத்துத் தொழில் நடத்துகிறார். அவர் வீட்டுக் கீழ்த்தளத்தில் இருக்கும் நீள அறைதான் அலுவலகம். முதல் மேசை அவருடையது. அடுத்ததில் அக்கா, போன் எடுப்பது அவள் வேலை. மூன்றாவதில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் சோடாபுட்டி. கண்ணாடியின் கனத்துக்காக வைத்த பெயர் அது. கழிப்பறைக் கதவை ஒட்டிய கடைசி மேசை என்னுடையது. யார் உள்ளே போனாலும் நான் நாற்காலியை முன்னால் இழுத்து வழிவிட வேண்டும். படிப்பைப் பாதியில் விட்டவளுக்கு அந்த மேசையே அதிகம் என்று வாரத்துக்கு இரண்டு முறையாவது மாமா சொல்லிக்காட்டுவார்.

சர்வருக்கு லோடு என்று ஓர் எண் உண்டு. எத்தனை வேலைகள் ஓடுகின்றன, எத்தனை வரிசையில் நிற்கின்றன என்று அது காட்டும். எங்கள் சர்வர் ஒரே நேரத்தில் எட்டு வேலை பார்க்கும். எட்டுக்குள் இருந்தால் நிம்மதி. அந்த வாரம் முழுக்க தினமும் காலை பத்து மணிக்கு எண் ஏறத் தொடங்கியது. தளங்கள் திறக்கவில்லை என்று போன் மேல் போன். மாமா, சர்வரை நிர்வகிக்கும் கண்ட்ரோல் பேனலின் நிலவரப் பக்கத்தை டிவியில் போட்டுவிட்டு அதையே முறைத்துக்கொண்டிருந்தார். எங்கள் நான்கு பேர் கணினியிலும் அந்தப் பக்கம் திறந்தே இருக்க வேண்டும், ஐந்து நொடிக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர் உத்தரவு. எவன் தளம் எவ்வளவு தின்கிறது என்று கையும் களவுமாகப் பிடிக்கப்போகிறாராம்.

அடுத்த திங்கட்கிழமை பதினொரு மணிக்கு எண் அறுபதைத் தொட்டது. போட்டோகிராபரின் தளம்தான் காரணம் என்று சோடாபுட்டி தீர்ப்புச் சொன்னான். அவளைக் கூட்டிவந்தது நான் என்பதால் அவனுக்கு அதில் ஒரு தனி ருசி. மாமா யோசிக்கவே இல்லை, அவள் தளத்தை முடக்கச் சொன்னார். முடக்கினார்கள். எண் குறையவில்லை, அறுபத்து நான்கானது.

"முடக்கினா பத்தாது சார். ரெண்டு லட்சம் படம் வெச்சிருக்கா. அது உள்ள இருக்கிற வரைக்கும் இழுத்துக்கிட்டேதான் இருக்கும்," என்றான் சோடாபுட்டி.

"அப்ப அழிச்சுடு. மூணு மணிக்குள்ள வேற எடம் பாத்துக்கச் சொல்லு."

சொல்லும் வேலை அக்காவின் தலையில் விழுந்தது. போட்டோகிராபர் போனை எடுக்கவில்லை. ஏதோ படப்பிடிப்பில் இருந்திருப்பாள். அக்கா இரண்டு முறை முயன்றுவிட்டு, அடுத்த வாடிக்கையாளரின் வசவை வாங்கப் போய்விட்டாள்.

போட்டோகிராபருடைய ஹார்ட் டிஸ்க் போன மாதம் செத்துவிட்டது. ஆறு வருடப் படங்களும் இப்போது எங்கள் சர்வரில் மட்டும்தான் இருந்தன. பத்திரமாக இருக்குமா என்று அவள் என்னிடம் மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் இருக்கும் என்று சொன்னவள் நான். பேக்கப்பாவது இருக்கிறதா என்று தேடினேன். அளவு பெரிது என்று சோடாபுட்டி அவள் கணக்கை பேக்கப் பட்டியலில் சேர்க்கவே இல்லை. மாமாவிடம் போய்ச் சொன்னேன். நீ கூட்டிவந்த கழுத்தறுப்பு, நீயே அனுபவி என்றார்.

என் இடத்துக்கு வந்து பேனலை ஒதுக்கிவிட்டு, சர்வருக்குள் நேராக நுழையும் கறுப்புத் திரையைத் திறந்தேன். எந்தெந்த வேலை ஓடுகிறது என்று பட்டியல் எடுத்தேன். வாடிக்கையாளர் பெயரில் இருந்தவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். மற்றவை எல்லாம் கண்ட்ரோல் பேனல் தானே கிளப்பிவிட்ட வேலைகள். ஒவ்வொன்றும் இருநூற்று நாற்பது கணக்குகளின் கோப்புகளையும் ஒன்றுவிடாமல் எண்ணிக்கொண்டிருந்தது. ஒரு எண்ணிக்கை முடிய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. ஐந்து நொடிக்கு ஐந்து புதிதாகப் பிறந்துகொண்டிருந்தன.

யார் கேட்டு எண்ணுகிறது? பேனலுக்குள் யார் யார் வந்தார்கள் என்று காட்டும் பதிவைப் புரட்டினேன். எல்லா வரியிலும் ஒரே இணைய முகவரி. எங்கள் அலுவலகம். நாங்கள் திறந்துவைத்த நிலவரப் பக்கம் ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் ஓர் எண்ணிக்கை கிளம்பியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைப் பதிவையும் பார்த்தேன். அன்றுதான் போட்டோகிராபரின் தளத்துக்குக் கூட்டம் அதிகம். ஆனால் லோடு நாள் முழுக்க இரண்டைத் தாண்டவில்லை. அன்று அலுவலகம் பூட்டியிருந்தது.

சோடாபுட்டி சொன்னதில் பாதி உண்மை. இரண்டு லட்சம் படங்கள் இருப்பதால்தான் எண்ணுவதற்கு இவ்வளவு நேரம் ஆகிறது. அவள் கணக்கை அழித்தால் எண் நிஜமாகவே இறங்கிவிடும். பிறகு யார் என்ன சொன்னாலும் எடுபடாது. அவள் குற்றவாளி என்பதற்கு டிவியே சாட்சியாகிவிடும்.

மாமாவின் மேசை முன் போய் நின்று, திரைகளை மூடினால் லோடு இறங்கும் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் சோடாபுட்டியைப் பார்த்துச் சிரித்தார்.

"பாக்காம இருந்தா கொறையுமாம்டா. சரி மேதாவி, பாக்காம இருந்தா கொறஞ்சுதுன்னு எப்படித் தெரியும்?"

சோடாபுட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அக்கா காதில் போனை வைத்தபடி என்னைப் பார்த்து, பேசாமல் போய் உட்கார் என்று கண்ணால் சொன்னாள். பத்து நொடி, இந்த டிவியை மட்டும் என்று கெஞ்சினேன். எனக்கு உத்தரவு போட வந்துட்டியா என்று கேட்டார். என் இடத்துக்குத் திரும்பினேன்.

மூன்று மணிக்கு எட்டு நிமிடம் இருந்தது. டிவியில் எழுபத்தொன்று. சோடாபுட்டி அழிக்கும் பக்கத்தைத் திறந்துவிட்டான். அதுவும் திணறித் திணறித்தான் திறந்தது. நிச்சயமாக அழிக்கவா என்று பேனல் அவனைக் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி எழுதினேன். எங்கள் அலுவலக முகவரியிலிருந்து யாரும் பேனலுக்குள் வரக் கூடாது. அடுத்த வரியில், எண்ணிக்கொண்டிருந்த வேலைகளை எல்லாம் கொன்றேன்.

டிவி வெளுத்தது. இந்தப் பக்கத்தை அடைய முடியவில்லை என்று நடுவில் ஒரு வரி. சோடாபுட்டி மவுஸைத் தட்டிப் பார்த்தான். சர்வர் செத்துடுச்சு சார் என்றான். மாமா நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"சாகலை. நான்தான் பேனலை அடைச்சேன்," என்றேன்.

"யாரைக் கேட்டுடி அடைச்சே?"

என் திரையை அவர் பக்கம் திருப்பினேன். ஐம்பத்தெட்டு. அவர் என்னைத்தான் பார்த்தார், திரையைப் பார்க்கவில்லை. உப்பிட்டவர் வீட்டிலேயே கைவைக்கிறாயா என்றார். அக்காவைப் பார்த்து, உன் தங்கச்சி லட்சணத்தைப் பார் என்றார். முப்பத்து மூன்று. அக்காவின் கையிலிருந்த போனில் எதிர்முனை ஏதோ சொல்ல, சரிங்க, இப்ப தெறக்குதுங்களா, சரிங்க என்று அவள் மெதுவாக வைத்தாள். பதினான்கு. அடுத்த அழைப்பு வரவில்லை. ஆறு.

"தொற," என்றார் மாமா.

"தொறந்தா திரும்ப ஏறும் மாமா."

"தொறடி."

திறந்தேன். எல்லாத் திரைகளும் ஒன்றாக உயிர் பெற்றன. டிவியில் எண் மூன்றில் நின்றது. பிறகு ஒன்பது. இருபத்தொன்று. முப்பத்தேழு வந்தபோது சோடாபுட்டி தன் திரையை மூடினான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா தன்னுடையதை மூடினாள். நானும் மூடினேன். மாமாவின் மேசையும் டிவியும் மட்டும் மீதி. எண் இறங்குவதா ஏறுவதா என்று தெரியாமல் நாற்பதில் நின்று தடுமாறியது.

போன் மறுபடி அடித்தது.

மாமா தன் மேசைத் திரையை மூடினார். கொஞ்ச நேரம் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே டிவியை அணைத்தார்.

"அந்தப் போட்டோக்காரி தளத்தைத் தொறந்து விடு," என்றார். "விட்டுட்டு எந்திரிச்சுப் போ. என் பேனலை எனக்கே அடைக்கிறவ இங்க வேணாம்."

அக்கா ஏதோ பேச வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டித் தடுத்தார். அவள் போனை எடுக்கப் போனாள்.

தளத்தைத் திறந்துவிட்டேன். படங்கள் வருகின்றனவா என்று பத்துப் பன்னிரண்டைத் திறந்து பார்த்தேன். வந்தன. அவள் கணக்கை பேக்கப் பட்டியலில் சேர்த்து, அப்போதே எடுக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். நாற்பது நிமிடம் ஆகும் என்றது.

மாமா என் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி பின்னால் நின்றார். எந்திரின்னு சொன்னேன் என்றார். இன்னும் முடியவில்லை என்றேன். சோடாபுட்டி கழிப்பறைக்குப் போக வந்து நின்றான். நான் நாற்காலியை நகர்த்தவில்லை.