சாட்சிக்கு வராதவர்கள்

1

இது நானாக எழுத வந்த கதை அல்ல. எங்கள் சபையின் மாதப் பத்திரிகை ‘துன்புறும் விசுவாசிகள்’ சிறப்பிதழ் கொண்டுவருகிறது. வாசிப்பவர்கள் அழுகிற மாதிரி ஒன்று வேண்டும் என்று ஆசிரியர் போனில் கேட்டார். உதவி பற்றி அடுத்த இதழில் பார்த்துக்கொள்ளலாமாம்.

இப்படித் தொடங்கினேன்: “இருள் சூழ்ந்த அந்த மலைக்கிராமத்தில், கொடியோரின் கைகளில் சிக்கிய...”

[நிறுத்திவிட்டேன். நடந்தது பட்டப்பகலில். செய்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள்.]

2

வடக்கே ஒரு மலைக்கிராமம். மங்கலும் அவன் மனைவி சுக்மதியும் ஜெபத்துக்குப் போகிறார்கள் என்பதற்காக அவர்கள் வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டு விரட்டிவிட்டார்கள். மங்கலின் அம்மா அடுத்த ஊரில் உறவினர் வீட்டில் ஒளிந்துகொண்டார். இவர்கள் இருவரும் திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனியில் சேர்ந்தார்கள். கம்பெனி விடுதியில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்.

விஷயம் தெரிந்ததும் சபையே உருகியது. மங்கல் மேடையேறிச் சாட்சி சொல்வது, அதை யூடியூபில் நேரலையாகக் காட்டுவது, இருவரின் முகத்தையும் பெரிதாகப் போட்டு பேனர் அடிப்பது என்று எல்லாம் முடிவானது. அவர்களுக்கு என்ன தேவை என்று கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

விஜயராணிக்குத் தோன்றியது. தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, எங்கள் சபைதான். கம்பெனியில் சுக்மதிக்குப் பக்கத்து மிஷின். வடக்கத்திப் பெண்களோடு பேசிப் பேசியே இந்தி கற்றவள்.

[இவள் முழங்காலில் நின்று கண்ணீரோடு ஜெபிப்பதாக ஒரு காட்சி வைக்கச் சொன்னார் ஆசிரியர். வைத்துப் பார்த்தேன். பாதி ஜெபத்தில் எழுந்து வாடகைக்கு வீடு தேடப் போய்விட்டாள்.]

சுக்மதி கேட்டது இரண்டே விஷயம். சேர்ந்து வாழ ஓர் அறை வேண்டும், மாமியாரை அழைத்துவர வேண்டும். கூடவே ஒன்றைச் சொல்லி அழுதாள். தங்கள் முகம் போனில் பரவினால், ஊர்க்காரர்கள் நேராக மாமியார் இருக்கும் வீட்டுக்குப் போவார்கள்.

விஜயராணி போதகரிடம் போனாள்.

“ஐயா, படம் வெளிய போனா அங்க இருக்க கெழவிய அடிப்பாவ. பேனர எறக்கிருங்க.”

ஜெபித்து முடிவு செய்வதாகப் போதகர் சொன்னார்.

3

தெய்வாத்தாளை வில்லியாக்குவதுதான் என் திட்டம். திருப்பூர் மண்ணரையில் லைன் வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர். “நெற்றியில் திருநீறும் கண்களில் கனலுமாக அவர்...” என்று எழுதினேன்.

[கண்புரை ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கனல் தெரியவில்லை.]

வீடு கேட்டுப் போன விஜயராணியிடம் அவர் கேட்டது இதுதான்: “ஏங் கண்ணு, ராவும் பகலும் சத்தம் போட்டு ஜெபம் பண்ணுவாங்களா?”

“அவிய அழுததே யாருக்கும் கேக்கலம்மா.”

தெய்வாத்தாள் எழுந்து உள்ளே போனார். சாவியை எடுத்துவந்து கொடுத்தார்.

“மூணாவது ஊடு. கதவுத் தாப்பா ஆடிட்டிருக்குது. ஆள உட்டு மாத்தித் தாரேன்.”

4

கூட்டத்தன்று மேடையில் இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. பேனரையும் காணோம். காலையிலேயே விஜயராணி அதை அவிழ்த்துக் கொண்டுபோய், முகங்களைக் கிழித்தெடுத்துவிட்டு, மிச்சத்தை மூன்றாவது வீட்டில் மழை ஒழுகும் இடத்தில் விரித்துக் கட்டியிருந்தாள். மங்கலும் சுக்மதியும் ரயில் நிலையத்தில், உறவினர்கள் ரயிலேற்றிவிட்ட அம்மாவுக்காகக் காத்திருந்தார்கள்.

நாங்கள் கூட்டத்தை ரத்து செய்யவில்லை. காலி நாற்காலிகளைப் பார்த்து மனமுருகி அழுதோம். நேரலை நன்றாகப் போனது.

5

முடிவு அ: போதகர் ஓடிவந்து மன்னிப்புக் கேட்கிறார். [இல்லை. பேனர் காணாமல் போன கோபம் அவருக்கு இன்னும் தீரவில்லை.]

முடிவு ஆ: தெய்வாத்தாள் மனந்திரும்பி ஞானஸ்நானம் பெறுகிறார். [ஆசிரியருக்குப் பிடித்தது. தெய்வாத்தாள் வழக்கம்போல வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோவிலுக்குப் போனார்.]

நடந்தது: அன்று மதியம் மங்கலின் அம்மா அந்த மூன்றாவது வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வாசல் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கிட்டே போகவில்லை. தள்ளி நின்று மகனிடம் ஏதோ கேட்டார். ‘இதை நாங்கள் தொடலாமா’ என்று கேட்கிறார் என்று தெய்வாத்தாளிடம் சொன்னாள் விஜயராணி. துரத்துவதற்கு முன்பே ஊர்க்கிணறு அவர்களுக்கு மூடப்பட்டிருந்ததாம்.

தெய்வாத்தாளுக்குக் கேள்வியே புரியவில்லை.

“தண்ணி நிக்கப் போகுது. சீக்கிரம் புடிக்கச் சொல்லு கண்ணு.”

இந்த இடத்தில் ஓர் அல்லேலூயாவும், புகைப்படமும், வீட்டு விலாசமும் வேண்டும் என்கிறார் ஆசிரியர். மூன்றும் தரமாட்டேன். ஆட்களின் பெயர்களையும் இடங்களின் பெயர்களையும் மாற்றிவிட்டேன். அந்த அம்மா தண்ணீர் பிடித்தாரா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஒரு விஷயம்: அந்த வீட்டில் குடம் இல்லை.