ஒரு ரோட்டர், இரண்டு வண்டி

சீட்டைப் பிரித்துப் பார்த்ததும் கணக்கு டீச்சரின் முகம் தொங்கிப்போய்விட்டது. பதினெட்டு. மொத்த வண்டியே பதினெட்டுதான்.

"போயும் போயும் இந்த வருஷமா எனக்குக் கடைசி வண்டி?" என்றார்.

"சீட்டுக்கு வருஷம் தெரியுமா டீச்சர்? எடுத்தது உங்க கை" என்றார் கார்டு. ரயிலில் முப்பத்தாறு வருஷம் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களின் சங்கத்துக்கு இப்போது அவர்தான் செயலாளர். கையில் ஒரு கொடி, பையில் ஒரு கடிகாரம், கக்கத்தில் ஒரு நோட்டு. அந்த மனிதருக்கு ஒரு நிமிஷம் என்றால் அறுபது விநாடி, அறுபத்தொன்று கிடையாது.

சங்கம் என்றதும் கோடீஸ்வரர்கள் கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒருவர் பேக்கரி வைத்திருக்கிறார், ஒருவர் போட்டோக்காரர், ஒருவர் தண்ணீர்க் குழாய் போடுபவர். ஞாயிறு காலையில் பேக்கரிக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, பானெட்டைத் திறந்துவைத்து, பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி அடுத்தவர் என்ஜினை உற்று உற்றுப் பார்ப்பார்கள். வீட்டில் சொன்னால் சிரிக்கிற விஷயங்களை அங்கே சொல்லலாம், யாரும் சிரிக்கமாட்டார்கள். அதற்காகவே வருகிறவர்கள்தான் அத்தனை பேரும்.

வருஷத்துக்கு ஒரு நாள் ஏற்றம். மைதானத்திலிருந்து மலைமேல் இருக்கும் தண்ணீர்த்தொட்டி வரை ஒன்பது கிலோமீட்டர். ஒன்பது மணியிலிருந்து இரண்டு நிமிஷத்துக்கு ஒரு வண்டி கிளம்பும். பத்தரைக்குள் சொந்த என்ஜினில் மேலே வந்து சேர்ந்தால் ஓர் ஏற்றம். விடாமல் பத்து வருஷம் ஏறினால் உரிமையாளர் பெயர் வெட்டிய பித்தளைத் தட்டை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் பதித்துக்கொள்ளலாம். நடுவில் ஒரு வருஷம் தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டியதுதான். டீச்சருக்கு இது பத்தாவது.

அந்தச் சிவப்பு வண்டியை அவர் வாங்கியபோது அது ஒரு கோழிக் கொட்டகையில் கிடந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்க்கலாம் என்று உட்காரப் போனால் சீட்டில் நாலு முட்டை. இரண்டே பேர் உட்காரும் வண்டி, கூரை கிடையாது, தரையும் கிடையாது, துரு தின்றுவிட்டிருந்தது. ஆறு வருஷம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கையில் ஸ்பேனர். வீட்டுக்காரர் பஸ் டிரைவர். "அறுபது பேரை ஏத்திக்கிட்டுப் போறவன் நான், ரெண்டு பேர் போற வண்டிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று கேலி செய்துகொண்டே இரவல் ஜாக்கி கொண்டுவந்து கொடுத்தார். என்ஜின் முதல்முறை உறுமிய அன்று டீச்சர் தெருவே பார்க்க அழுதார். அதைச் சொல்ல அவருக்கு வெட்கமே கிடையாது.

ஊரில் அதே மாடல் இன்னொன்று உண்டு. பச்சை. பல் டாக்டருடையது. இருவருக்கும் நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

காரணம் ஒரு ரோட்டர். என்ஜினின் நாலு சிலிண்டருக்கும் மின்பொறியைப் பங்கு போட்டுக் கொடுக்கிற சாமான், கட்டைவிரல் அளவுதான் இருக்கும். ஒருமுறை மலைமேல் எல்லாரும் பானெட்டைத் திறந்து வைத்திருந்தபோது டாக்டர் டீச்சரின் வண்டியில் ரோட்டரின் மேல்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிதான்மா. ஆனா இதுல கம்பெனி முத்திரை இல்லையே. டூப்ளிகேட்" என்றார், பதினாறு பேர் முன்னிலையில். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் வகுப்பில் ஈ பறக்காது. "என் வண்டி ஓடுறதுக்கு இருக்கு டாக்டர், அலமாரியில வெக்கிறதுக்கு இல்ல" என்றார். அதோடு சரி.

இந்த வருஷச் சீட்டில் பதினேழாவது யார் என்கிறீர்கள்? அந்த டாக்டரேதான்.

கடைசி வண்டிக்கு மூன்று சட்டம். யாரையும் முந்தக்கூடாது. நின்றுபோன வண்டியை விட்டுவிட்டு வரக்கூடாது. கயிறும் சாமான் பெட்டியும் கையோடு இருக்க வேண்டும். ஒன்பது முப்பத்துநாலுக்குக் கார்டின் மருமகன் கீழே கொடியசைத்தான், டீச்சர் கிளம்பினார். காற்று முகத்தில் அடித்தது. கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. கடைசி வண்டி என்ற வருத்தம் இரண்டாவது வளைவிலேயே போய்விட்டது.

ஆறாவது கிலோமீட்டரில் பச்சை வண்டி ஓரமாக நின்றுகொண்டிருந்தது. டாக்டர் பானெட்டுக்குள் தலையைவிட்டபடி இருந்தார். வெள்ளைச் சட்டை முழுக்க கரி.

டீச்சர் வண்டியைப் பின்னால் நிறுத்தி இறங்கினார். நாலு வருஷத்தில் முதல் வார்த்தை: "பெட்ரோல் வருதா?"

"வருது."

"ஸ்பார்க்?"

டாக்டர் உள்ளங்கையை நீட்டினார். ரோட்டர். கம்பெனி முத்திரை பளிச்சென்று தெரிந்தது. அதற்குக் குறுக்கே தலைமுடி கனத்தில் ஒரு விரிசல், கருகிப்போய்.

"நாப்பத்தெட்டு வருஷத்து ரோட்டரைப் போட்டுக்கிட்டு மலை ஏறுவாங்களா டாக்டர்?"

"விரிசல் இருக்குன்னு தெரியும்" என்றார் டாக்டர், தரையைப் பார்த்துக்கொண்டு. "தினமும் வேற ஒண்ணு போட்டுத்தான் ஓட்டுவேன். மேல போனா எல்லாரும் மூடியத் திறந்து பாப்பாங்களேன்னு இன்னைக்குக் காலையிலதான் இதை மாத்தினேன்."

"அந்த வேற ஒண்ணு?"

"வீட்டுல டப்பாவுல இருக்கு."

"டூப்ளிகேட்டா?"

டாக்டர் ஆமென்று தலையசைத்தார்.

டீச்சருக்கு வந்த சிரிப்பை அடக்கப் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். இருமுவது மாதிரி திரும்பிக்கொண்டார்.

"கயித்தக் கட்டுங்க டீச்சர். உங்களுக்கு நேரமாகுது" என்றார் டாக்டர்.

மணி ஒன்பது ஐம்பத்தெட்டு. கயிறு கட்டி இழுத்தால் பத்தேகாலுக்குள் உச்சிக்குப் போய்விடலாம். பித்தளைத் தட்டு கைக்கு வந்துவிடும். டாக்டரின் ஏற்றம் கணக்கில் சேராது, அவ்வளவுதான். அதோடு, டூப்ளிகேட் போட்ட சிவப்பு வண்டி முன்னால் போக, ஒரிஜினல் பச்சை வண்டி கயிற்றில் பின்னால் போகும். பதினாறு பேரும் பார்ப்பார்கள். கரும்பு தின்னக் கூலியா? டீச்சர் கயிற்றை எடுத்துவந்து குனிந்து பச்சை வண்டியின் முன்கொக்கியில் மாட்டினார்.

மாட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். தன் வண்டியின் அதே மூக்கு. அதே இரண்டு உருண்டை விளக்கு. தான் ஆறு வருஷம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த அதே வளைவுகள். டாக்டரை இழுத்துக்கொண்டு போகலாம், அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. இந்த வண்டி கயிற்றில் போகக்கூடாது.

"சே" என்று சொல்லிக் கயிற்றைக் கழற்றினார். தன் வண்டிக்குப் போய் பானெட்டைத் திறந்து, மூடியைக் கழற்றி, தன் ரோட்டரை உருவி எடுத்துவந்தார்.

"இதைப் போட்டுக்கிட்டு மேல போங்க. போனதும் கழற்றி எங்கிட்ட கொண்டுவாங்க. நான் உங்களை முந்திப் போகமுடியாது, வண்டிய இந்த வளைவுல அனாதையா விட்டுட்டு உங்ககூட வரவும் முடியாது."

"டீச்சர், மேல போன வண்டி எதுவும் பத்தரைக்கு முன்னாடி கீழ இறங்கக்கூடாதே. ஒத்தை வழிப் பாதை. நான் எதுல திரும்பி வர்றது?"

"அது உங்க பாடு. கால் இருக்குல்ல?"

"இது உங்களுக்குப் பத்தாவது" என்றார் டாக்டர் மெதுவாக.

"எனக்கு எண்ணத் தெரியும். கிளம்புங்க."

பச்சை வண்டி சாவியின் முதல் திருப்பிலேயே உயிர் பெற்றது. பத்து ஐந்துக்கு வளைவில் மறைந்தது. டீச்சர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே நின்றார். இரண்டாவது கியர், மூன்றாவது, மறுபடி இரண்டாவது. கொஞ்ச நேரத்தில் மேலே ஹாரன்களும் கைத்தட்டலும் கேட்டன. பிறகு சத்தமே இல்லை.

அப்போதுதான் திரும்பித் தன் வண்டியைப் பார்த்தார். சிவப்பு வண்டி வெறும் இரும்பாக நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்காரருக்குப் போன் போட்டார்.

"குடுத்துட்டியா?" என்று அவர் சிரித்தார். "ஒரு தடவை ஓட்டிப் பாக்குறேன்னு கேட்டா எனக்குச் சாவி தரமாட்ட. நாலு வருஷமா பேசாத ஆளுக்கு உசுரையே கழட்டிக் குடுத்திருக்க."

"ஏங்க, நான் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு நிக்கிறேன்."

"வருவாரு. அந்த வண்டிய வெச்சிருக்கறவங்க எல்லாரும் ஒரே பைத்தியம்தானே. நீயா இருந்தா வரமாட்டியா?"

பத்து பதினைந்து. பத்து இருபது. டீச்சர் கண்ணாடியை மூன்று முறை துடைத்துவிட்டார். டாக்டரை, அவருடைய பல் ஆஸ்பத்திரியை, கம்பெனி முத்திரையைக் கண்டுபிடித்தவனை என்று வரிசையாகத் திட்டித் தீர்த்தார். திட்டுவதற்கு ஆள் தீர்ந்துபோன நேரத்தில் மேல்வளைவில் ஒரு சைக்கிள் தெரிந்தது.

தொட்டிக் காவலாளியின் சைக்கிள். அதற்குப் பிரேக் என்று ஒன்று இருந்ததாக யாரும் சொன்னதில்லை. அறுபத்திமூன்று வயது டாக்டர் இரண்டு செருப்பையும் தரையில் தேய்த்துக்கொண்டு, சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு வந்தார். செங்குத்தான வளைவுகளில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்ததில்தான் நேரம் போயிருக்கிறது. ஒரு செருப்புக்கு அடிப்பாகமே இல்லை. முழங்கையில் சிராய்ப்பு. ரோட்டரைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார்.

"இடியட் மாதிரி ரெண்டு தடவை விழுந்தேன்" என்றார் மூச்சு வாங்க. "இதுக்கு ஒண்ணும் ஆகல."

பத்து இருபத்தாறு. டீச்சர் வாங்கிப் பொருத்தினார். ரோட்டர், மூடி, இரண்டு கிளிப். பத்து இருபத்தெட்டுக்கு என்ஜின் உறுமியது. சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு டாக்டர் தாவி ஏறினார். டீச்சர் மிதித்தார்.

முதல் வளைவில் பேக்கரிக்காரர் நின்றிருந்தார். "வழி காலி! போங்க!" என்று துண்டை ஆட்டினார். அடுத்த வளைவில் போட்டோக்காரர். அதற்கடுத்ததில் குழாய்க்காரர், தொப்பையைப் பிடித்துக்கொண்டு. வண்டிகள் இறங்கக்கூடாது என்பதுதானே சட்டம், ஆள் இறங்கக்கூடாது என்று யார் சொன்னது? டாக்டர் விஷயத்தைச் சொன்னதும் சங்கமே மலையிலிருந்து கால்நடையாக இறங்கி, வளைவுக்கு ஒருவராக நின்றுகொண்டிருந்தது. எதிரே என்ன வருமோ என்று வேகத்தைக் குறைக்க வேண்டிய தேவையே இல்லை. அத்தனை வளைவிலும் டீச்சருக்காக ஒரு ஆள். டீச்சர் மிதித்த காலை எடுக்கவில்லை. அந்த வண்டி அப்படி ஓடி அவரே பார்த்ததில்லை.

மேலே முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் கார்டு ஒருவர்தான் நின்றிருந்தார். கொடியை இறக்கினார். கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பத்து முப்பத்துமூணு, நாப்பது விநாடி" என்றார் கடைசியில். அந்தக் குரலை அவரிடம் யாரும் கேட்டதில்லை. "டீச்சர், நான் என்ன செய்யட்டும்?"

"எழுதுங்க" என்றார் டீச்சர். "பத்தரைன்னா பத்தரைதான். என் வகுப்புல நானும் அப்படித்தான்."

கார்டு எழுதினார். ஒன்பது வருஷக் கணக்குக்குக் கீழே கோடு போட்டார்.

மற்றவர்கள் ஒவ்வொருவராக மூச்சிரைக்க ஏறி வந்து சேர்ந்தார்கள். விஷயம் தெரிந்து கார்டின் நோட்டை எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் நேராகப் போய்த் தன் வண்டியின் பானெட்டைத் திறந்தார். மூடியைக் கழற்றி, ரோட்டர் இருக்க வேண்டிய வெறும் இடத்தை எல்லாருக்கும் காட்டினார்.

"இந்த வண்டிய மேல ஏத்தினது, நான் டூப்ளிகேட்டுன்னு சொன்ன சாமான். சொன்னது தப்பு. உங்க எல்லார் முன்னாடியும்தான் சொன்னேன், அதனால எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்குறேன்" என்றார். பிறகு கார்டிடம் திரும்பினார். "ஐயா, என் ஏற்றத்தையும் வெட்டிடுங்க. அவங்களுக்கு இல்லாதது எனக்கு வேண்டாம்."

கார்டின் பேனா நோட்டுக்கு மேல் நின்றது.

"வெட்டினீங்கன்னா தெரியும் சேதி" என்றார் டீச்சர். கண்ணாடியைக் கழற்றவில்லை. முகம் முழுக்கக் கரி, தலைமுடி காற்றில் பறந்து காக்காய்க்கூடு மாதிரி ஆகியிருந்தது. அவர் பச்சை வண்டியைப் பார்த்தார், தன் சிவப்பு வண்டியைப் பார்த்தார். இரண்டின் பானெட்டும் சூடாக இருந்தது.

"ஒன்பது வருஷமா ஒரு வண்டியத்தான் மேல கொண்டுவந்தேன்" என்றார். "இன்னைக்கு ரெண்டு கொண்டுவந்திருக்கேன். அதை வெட்ட யாருக்கும் உரிமை கிடையாது."