தண்ணீர் தராத நாள்

என் கணவர் கிரேன் ஓட்டுபவர். வேலையிடத்தில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்ட பிறகுதான் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கத் தொடங்கினார். சிறுநீர் கழிக்க அத்தனை உயரத்திலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தால் எந்த மேஸ்திரி பொறுப்பான்? கூட வேலை செய்தவர்கள் ‘ஓட்டைக் குழாய்’ என்று பெயர் வைத்தார்கள். நானும் சிரித்தேன். வேலையிலிருந்து நிறுத்தியதும் சிரிப்பு நின்றுவிட்டது. சர்க்கரை நோயும் இல்லை. ஆனால் போவதெல்லாம் நிறமே இல்லாமல் வெறும் தண்ணீராகப் போனது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். “உடம்புல தண்ணி குறைஞ்சா மூளை சிறுநீரகத்துக்குத் தகவல் அனுப்பும். உடனே அது தண்ணியைப் பிடிச்சு ரத்தத்துக்கே திருப்பிக் கொடுத்துட்டு, கழிவை மட்டும் கெட்டியா வெளிய விடும். இவருக்கு ஒண்ணு அந்தத் தகவலே வரலை, இல்லேன்னா வந்தும் சிறுநீரகம் காதுல வாங்கலை.”

“எதுவா இருந்தா நல்லது டாக்டர்?”

“வரலைன்னா மருந்தாலயே அனுப்பிடலாம். வேலைக்கும் போகலாம். காதுல வாங்கலைன்னா கஷ்டம்தான்.”

அதைக் கண்டுபிடிக்கத் தண்ணீரே தராமல் வைத்துப் பார்க்க வேண்டுமாம். மணிக்கொரு முறை எடை பார்த்து, சிறுநீரைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். கடைசியில், அந்தத் தகவலையே மருந்தாக அனுப்பும் ஊசி.

மதியத்துக்குள் அவர் உதடு வெடித்துவிட்டது. தரை துடைப்பவரின் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை என் மாமியாரால் தாங்க முடியவில்லை. மகனைக் கைத்தாங்கலாகக் கழிப்பறைக்கு அழைத்துப் போனவர், கைப்பையில் ஒளித்து வைத்திருந்த பாட்டிலை அவர் வாயில் கவிழ்த்துவிட்டார். எடை மெஷின் காட்டிக்கொடுத்தது. குறைய வேண்டிய எடை கூடியிருந்தது. டாக்டரம்மா கத்தவில்லை. சோதனையை நிறுத்தச் சொன்னார். இன்னொரு நாள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

“மறுபடியும் அவரைக் காயப் போடணும். சந்தோஷமா அத்தை?” என்றேன், வராந்தாவில் நாலு பேர் பார்க்க.

“பெத்த மனசு பித்துடி,” என்றார். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் நானே கொடுத்திருப்பேன். அதுதான் ஆத்திரம்.

இரண்டாம் முறை மாமியார் கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தார். காலையிலிருந்து அவரும் பல்லில் பச்சைத் தண்ணீர் படவிடவில்லை.

“உங்களை யாரு பட்டினி கிடக்கச் சொன்னா?”

“நான் குடிச்சா இவனுக்கும் குடுக்கத் தோணும்.”

“அம்மா, ஒரே ஒரு வாய்,” என்று கெஞ்சினார் மகன். மாமியார் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மணிக்கு மணி நிறமில்லாத தண்ணீர்தான் வந்தது. இடையில் ஒருமுறை எழுந்து போய் வந்த மாமியார் என் காதோடு சொன்னார்: “எனக்குக் கொஞ்சூண்டுதான்டி போச்சு. அதுவும் நல்ல மஞ்சளா. இவனுக்கு மட்டும் ஏன்டி இப்படி?”

சாயங்காலம் ஊசி போட்டார்கள். காத்திருந்தோம். அடுத்த முறை நர்ஸ் வாங்கிக்கொண்டுபோன கோப்பையில் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மஞ்சள்.

“காதுல வாங்கிடுச்சு,” என்றார் டாக்டரம்மா. “இனி தாகத்துக்கு மட்டும் குடிக்கலாம்.”

மாமியார் டம்ளரை நீட்டினார். என் கணவர் பாதி குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“போதும்மா.”

அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டு எத்தனை மாதம்! மாமியார் விக்கி விக்கி அழுதார். பிறகு டம்ளரில் மிச்சமிருந்த பாதியைக் குடித்தார். அன்றைக்கு அவருக்கு அதுதான் முதல் வாய்த் தண்ணீர்.